முகூர்த்தக் கடைத்தெரு

தை பிறந்தால் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் கூட்டத்தின் முகம் மாறிவிடும். மன்னார்குடி, வலங்கைமான், பாபநாசம், ஜெயங்கொண்டம், மயிலாடுதுறை என்று நாலா திசையிலிருந்தும் வரும் பேருந்துகளிலிருந்து ஆறேழு பேராகச் சேர்ந்து இறங்குவார்கள். பெரியவர் ஒருவர் சட்டைப் பையில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய சாமான் பட்டியல் இருக்கும். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாரும் கையில் காலிப் பைகளோடு வந்திருப்பார்கள். பாத்திரக் கடையில் ஏறினால் முதல் கேள்வியே, "வாங்கம்மா, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்பதுதான். பதிலைப் பொறுத்து எந்தத் தட்டிலிருந்து எதை இறக்குவது என்று கடைப் பையனுக்குத் தெரியும்.

டெல்டாவில் கல்யாணம் நிச்சயமானால் கும்பகோணம் போவது நிச்சயம். பட்டுக்குத் திருபுவனம், சீர்ப் பாத்திரத்துக்குப் பெரிய கடைத்தெரு, குத்துவிளக்குக்கு நாச்சியார்கோவில், பந்திக்குக் காய்கறி தாராசுரம் மார்க்கெட், தாம்பூலத்துக்கு ஆற்றோரக் கொடிக்கால் வெற்றிலையும் ஊரிலேயே சீவி எடுத்த சீவலும். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஒரு கல்யாணம் முழுதும் கிடைத்துவிடுகிறது. இதைத்தான் இந்த ஊரின் முதல் அடையாளமாக நான் சொல்வேன்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் அறியும் கும்பகோணம் வேறு. அவர்கள் நவக்கிரகச் சுற்றுலா வேனில் வருகிறார்கள். திங்களூரில் தொடங்கி ஆலங்குடி, திருநாகேஸ்வரம், கஞ்சனூர், சூரியனார்கோவில் என்று ஓடி ஓடித் தரிசித்து, இரவு படுப்பதற்கு மட்டும் கும்பகோணத்தில் அறை எடுக்கிறார்கள். மறுநாள் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். கோயில் நகரம் என்ற பெயர் ஊருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெயரே ஊரை மறைத்தும் விடுகிறது. கோயிலும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் ஒன்றுக்கொன்று சோறு போட்டு வளர்ந்த இடம் இது. மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவர் இந்த ஊரைப் பாதிதான் பார்த்தவர்.

கும்பேசுவரர் கோயில் வாசலில் நின்றாலே இது விளங்கும். கோபுரத்தைத் தாண்டியதும் நீண்டு போகிற தூண் மண்டபம். அதன் இரு பக்கமும் கடைகள்: குங்குமம், வளையல், விளையாட்டுச் சாமான், பித்தளைச் சொப்பு. சந்நிதிக்குப் போகிற வழியே ஒரு கடைத்தெரு. சாமி பார்க்க வந்த கிழவி பேத்திக்கு ரப்பர் வளையல் பேரம் பேசிவிட்டு, அதே வேகத்தில் உள்ளே போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக அவளுக்குத் தோன்றுவதில்லை.

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் இடையில் அகலம் குறைந்த மேட்டு நிலமாக ஊர் கிடக்கிறது. தேவாரக் காலத்தில் இதற்குக் குடமூக்கு என்று பெயர். ஆழ்வார்கள் குடந்தை என்று பாடினார்கள். பிரளய வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதக் கும்பம் இங்கே தட்டி நின்றதாகத் தலபுராணம் சொல்கிறது. வெள்ளமும் வண்டலும் வந்து தங்கிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. காவிரி கொண்டுவந்த அந்த வண்டல்தான் இன்றைக்கும் இங்கே பல தொழில்களுக்கு முதலீடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சோழர்களின் பழையாறை ஊரை ஒட்டியே இருக்கிறது. அவர்கள் காலத்துக் கோயில்களில் எனக்கு மிகவும் பிடித்தது பெரிய கோபுரங்கள் உள்ள எதுவும் இல்லை, நாகேசுவரர் கோயில்தான். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஆதித்தன் காலத்தில் எழுந்த சின்னக் கற்றளி. அதன் கருவறைச் சுவரில் ஆணும் பெண்ணுமாகச் சில உருவங்கள் நிற்கின்றன. அரச குடும்பத்தாரா, அடியவர்களா என்று அறிஞர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். கல்லில் இடுப்பு ஒசிந்து, தலை லேசாகச் சாய்ந்து, யாரோ கூப்பிட்டதும் திரும்பப் போகிறவர்கள் போல் நிற்கிற அந்த மனிதர்களைப் பார்த்தவர்களுக்குச் சோழர் கலை என்றால் உயரம் என்ற எண்ணம் போய்விடும். சித்திரை மாதத்தில் சில நாட்கள் காலை வெயில் கருவறைக்குள் விழும். அன்றைக்குக் கூட்டம் இருக்கும். சிற்பங்களைப் பார்க்க மற்ற நாட்களே நல்லது.

இதற்கு நேர் எதிர், 12ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். தேர்ச் சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபம், அறுபத்துமூவர் கதைகளைக் கையளவுக் கல்லில் அடக்கிய சிற்ப வரிசை என்று அங்கே எல்லாமே நுணுக்கம். 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்ந்தது. அடுத்த தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகள். தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில் உலகப் பாரம்பரியச் சின்னம்!

சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். வைணவர்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குடந்தை ஆராவமுதன் மேல் நம்மாழ்வார் பாடிய பாசுரங்களை யாத்திரிகர்கள் பாடக் கேட்டுத்தான், மறைந்துபோன மற்றவற்றையும் தேடிப் புறப்பட்டார் நாதமுனிகள் என்பது மரபு. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் நம் கைக்கு வந்த கதை இந்த ஊர்ப் பெருமாளில் தொடங்குகிறது.

நாயக்கர் காலம் ஊருக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தது. தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்களை எழுப்பினார். இரகுநாத நாயக்கர் காலத்து இராமசாமி கோயிலில் பிராகாரச் சுவர் முழுதும் இராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. எழுத்தறியாதவரும் ஒரு சுற்று வந்தால் கதை முடிந்துவிடும். பிறகு மராட்டியர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். தெலுங்கு, மராத்தி, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் எல்லாரும் வந்து தங்கி, இரண்டு தலைமுறையில் கும்பகோணத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

1854இல் காவிரிக் கரையில் மாகாணப் பள்ளி ஒன்று தொடங்கியது. 1867இல் அது கல்லூரியானது. ஆற்றங்கரை, மர நிழல், படிப்பு என்ற சேர்க்கையால் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதைச் சொன்னார்கள். இன்று அரசு கலைக் கல்லூரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லூரி, இந்தப் பக்கம் ஊர். பாலத்தில் நடந்துதான் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறார்கள்.

1880இல் அந்தக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார் உ.வே.சாமிநாதையர். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு இவரைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை மரியாதைக்காகப் போய்ப் பார்த்தார் ஐயர். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணியைக் கையில் கொடுத்துப் பாடம் சொல்லக் கேட்டார். தமிழிலக்கிய வரலாறு திசை திரும்பியது அந்த வீட்டுக் கூடத்தில்தான்.

சிந்தாமணி சமண காவியம். அதன் சமயக் கருத்துகள் பிடிபடாமல் திணறிய ஐயருக்கு, அதே ஊரில் சமணர்கள் வாழ்வதும் அவர்கள் வீடுகளில் சிந்தாமணியைப் பக்தியோடு படித்துவருவதும் தெரியவந்தது. சைவ மடத்தில் பயின்றவர் சமணர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுத் தெளிந்தார். இது ஒரு சின்ன நகரத்தில்தான் நடக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. கேட்க வேண்டியவர் நாலு தெரு தள்ளி இருந்தார், போய்க் கேட்க முடிந்தது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. பகலில் பாடம் நடத்தி, இரவில் ஏட்டுச்சுவடியோடு மல்லாடிய கும்பகோணத்து ஆசிரியர் ஒருவரின் உழைப்பு இவ்வளவும். 1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார்.

அவர் போன மறு வருடம் அதே கல்லூரியில் சேர்ந்தார் சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன் இராமானுஜன். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். கல்லூரி மாணவர்களைச் சாப்பாட்டோடு வீட்டில் தங்க வைத்துக் கிடைத்த வரும்படியும் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது. அந்த மாணவர்களின் புத்தகங்களிலிருந்துதான் பையன் தன் வகுப்புக்கு மேற்பட்ட கணக்குகளைத் தெரிந்துகொண்டான். 1864இல் தொடங்கிய டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது கார் என்பவர் தொகுத்த சூத்திரப் புத்தகம் ஒன்று கல்லூரி நூலகத்திலிருந்து அவன் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள்; விளக்கம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டிய கட்டாயம். தாளுக்குக் காசு இல்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அப்படி வந்ததுதான். கல்லூரியில் கணக்கைத் தவிர எதிலும் கவனம் இல்லை; ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகை போயிற்று. பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை: 1913இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், 1914இல் கப்பல், 1918இல் ராயல் சொசைட்டி. 1919இல் உடல் நலிந்து திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார்.

சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இன்று நினைவிடமாக, சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. ஓட்டு வீடு. சின்னத் திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் அருகில் ஒரு கட்டில். உலகத்தின் பல மூலைகளிலிருந்து கணித அறிஞர்கள் வந்து அந்த ஜன்னலருகே நின்றுவிட்டுப் போகிறார்கள். நம்மில் பலர் சற்றுத் தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போய்விட்டு, இந்த வாசலைக் கடந்து போய்விடுகிறோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் தயவுசெய்து படியேறிப் பாருங்கள். கணக்கில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையானால் கட்டாயம் அழைத்துப் போங்கள். அந்த வீடு அவ்வளவு சாதாரணமாக இருக்கிறது.

எழுத்தாளர்களைச் சொல்லாமல் கும்பகோணத்தைச் சொல்ல முடியாது. ந.பிச்சமூர்த்தியும் கு.ப.ராஜகோபாலனும் இங்கே பிறந்தவர்கள். கும்பகோணம் இரட்டையர் என்றே இலக்கிய உலகம் அவர்களை அழைத்தது. இங்கே கல்லூரியில் படித்த தி.ஜானகிராமன் 'மோகமுள்' நாவலில் பாபுவையும் யமுனாவையும் ரங்கண்ணாவையும் இந்தத் தெருக்களில் நடக்க விட்டார். எம்.வி.வெங்கட்ராம் பட்டுச் சரிகை வியாபாரக் குடும்பத்துக்காரர். 'வேள்வித் தீ' நாவலில் தம் சௌராஷ்டிர நெசவாளர்களின் வாழ்வை எழுதினார். 'காதுகள்' நாவலுக்கு 1993இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. தறியிலிருந்து இலக்கியம் வந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

வண்டலுக்கு வருவோம். பக்கத்துச் சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்து காய்கிற வாசனை வரும். தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று அளவு பிரிப்பார்கள். அந்த அளவில் மெழுகில் உருவம் பிடிப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாக அரைத்துப் பூசுவார்கள். இங்கே மண்தான் உயிர். வேறு மண் மெழுகின் நகக்கண்ணையும் நெளிவையும் இவ்வளவு துல்லியமாகப் பிடித்துக்கொள்ளாது, சூட்டில் வெடித்துவிடும் என்பார்கள் வேலை செய்பவர்கள். முதல் பூச்சு காய்ந்ததும் கரடான மண்ணில் அடுத்தடுத்த பூச்சு, பெரிய சிலையானால் கம்பி கட்டு. பிறகு வறட்டி நெருப்பில் காய்ச்சினால் மெழுகு உருகி ஓடி, உள்ளே உருவம் வெற்றிடமாக நிற்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி ஆறவிட்டு மண் கட்டை உடைக்க வேண்டும். ஒரு மெழுகு, ஒரு அச்சு, ஒரு சிலை. இன்னொன்று வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து. 2023இல் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் நின்ற 27 அடி நடராசர் இந்தச் சுவாமிமலை மண்ணில் வார்த்தெடுத்தவர்தான்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் இதே வண்டலில் வார்ப்பதுதான். 2010இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாதம், தண்டு, அகல், மேலே அன்னம் என்று பகுதி பகுதியாக வார்த்து, கடைந்து, திருகி மாட்டுவார்கள். நல்ல விளக்கைக் கழற்றி மாட்டும்போது திருகு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாங்குகிறவர்கள் இதைச் சோதித்து வாங்குங்கள். திருபுவனம் பட்டுக்கு 2019இல் குறியீடு வந்தது, கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல். அகத்திக் கால்களில் கொடி ஏறி, நிழலும் ஈரமுமாக இருக்கும் கொடிக்காலுக்குள் வெயில் நேரத்தில் நுழைந்து பார்த்தவர்களுக்கு இந்த இலை ஏன் இவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று தெரியும். காரம் குறைவு, நார் இல்லை, வாயில் கரையும்.

சாப்பாட்டில் ஊரின் கையெழுத்து கடப்பா. வேகவைத்த பாசிப்பருப்பும் மசித்த உருளைக்கிழங்கும், தேங்காயோடு சோம்பு, கசகசா, பச்சை மிளகாய் அரைத்த விழுதும் சேர்ந்து வெள்ளையாக, இளகலாக இருக்கும். இட்லியின் மேல் தாராளமாக ஊற்றிக்கொள்ள வேண்டும். சாம்பாரும் சட்னியும் எங்கும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடப்பா இங்கேதான். அதற்குப் பிறகு பித்தளை டபராவில் காபி. டிகிரி காபி என்ற பலகை இன்று நெடுஞ்சாலை எங்கும் தொங்குகிறது. தண்ணீர் கலக்காத பசும்பால், அன்றன்று வறுத்து அரைத்த கொட்டை, முதல் டிகாக்‌ஷன் மூன்றும் சேர்ந்தால்தான் அது அந்தக் காபி. பித்தளை டபரா மட்டும் போதாது.

பணத்தையும் இந்த ஊர் தானே பார்த்துக்கொண்டது. இன்று நாடெங்கும் கிளை விரித்திருக்கும் சிட்டி யூனியன் வங்கி 1904இல் கும்பகோணம் பேங்க் என்ற பெயரில் இங்கே பிறந்தது. தலைமையகம் இன்னும் இங்கேதான். 1972இல் தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடமும் கும்பகோணமாகவே இருந்தது. நகராட்சி 1866இலிருந்து உண்டு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.40 லட்சம். 2021இல் மாநகராட்சி ஆனது. தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

இந்த ஊரின் இரண்டு துயரங்களையும் சொல்லியாக வேண்டும். 1992 பிப்ரவரி 18, பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தன்று குளக்கரை நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளி ஒன்றில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் கருகினார்கள். சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக்கு ஏறிய தீ அது. நெருக்கமான கட்டடம், ஒடுக்கமான படிக்கட்டு, கீற்றுக் கொட்டகை. அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுதும் பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகன்றன, கட்டட அனுமதியும் தீயணைப்பு விதிகளும் இறுகின. அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் நினைவுமண்டபம் உண்டு. ஒவ்வொரு ஜூலை 16லும் பெற்றோர்கள் மெழுகுவத்தியும் பிள்ளைகளுக்குப் பிடித்த தின்பண்டமுமாக வருகிறார்கள். கோயில் பார்க்க வருகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிடம் நிற்கலாம்.

இரண்டு விபத்துகளும் சொல்வது ஒன்றுதான்: இந்த ஊரின் நெருக்கமே அதன் ஆபத்தும். சன்னதித் தெருக்கள் நடப்பவர்களுக்காகவும் தேர் ஓடவும் அமைந்தவை. இன்று அதே தெருக்களில் சுற்றுலாப் பேருந்தும் சரக்கு ஆட்டோவும் நுழைகின்றன. திண்ணைகள் இடிந்து கடை முகப்புகள் ஆகிவிட்டன. நடப்பவருக்குக் கால் வைக்க இடம் இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி இங்கே வந்து சேரும்போது பகவத் படித்துறையிலும் சக்கரப் படித்துறையிலும் பிள்ளைகள் குதிக்கிறார்கள். மற்ற மாதங்களில் படித்துறைக்குக் கீழே மணலும் கழிவுநீரும். ஊருக்கு முதல் கொடுத்த ஆற்றுக்கு ஊர் திருப்பிக் கொடுப்பது இதுவாக இருக்கக் கூடாது.

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. ஒரே நாளில் பல லட்சம் பேர் குளத்தைத் தேடி வருவார்கள். சாலைக்கும் மின்விளக்குக்கும் பணம் ஒதுக்குவார்கள், ஒதுக்கட்டும். அதோடு சேர்த்து மூன்று வேலைகள் நடக்க வேண்டும் என்று கேட்கிறேன். கோயில் தெருக்களில் பகல் நேரத்தில் பெரிய வண்டிகள் நுழைவதைத் தடுத்து, நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும். குளங்களுக்குத் தண்ணீர் வருகிற பழைய வாய்க்கால்களைத் தூர் வாரி, ஆற்றில் சாக்கடை விழுவதை அடைக்க வேண்டும். சுவாமிமலையிலும் நாச்சியார்கோவிலிலும் பட்டறைப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போகாமலிருக்க, வண்டல் மண் எடுக்க எளிதான அனுமதியும் உலோகத்துக்குக் கட்டுப்படியாகும் விலையும் வேண்டும். மகாமகம் ஒரு நாளில் முடிந்துவிடும். இந்த மூன்றும் நடந்தால் அடுத்த பன்னிரண்டு வருடங்களுக்கும் முகூர்த்தப் பட்டியலோடு இறங்குகிறவர்களுக்கு இங்கே எல்லாம் கிடைக்கும்.